ஃபிரெஞ்சு தெரு, பிரிட்டிஷ் பைக், திருவொற்றியூர் இன்ஜின்: ‘டுப் டுப்’ சத்தத்தை நம்பி வண்டி வாங்கலாமா?

புதுச்சேரி ஒயிட் டவுனில் சனிக்கிழமை காலை ஒரு ரவுண்டு போனால் இந்தக் காட்சி கண்டிப்பாகக் கண்ணில் படும். மஞ்சள் சுவர், அதன் மேல் காகிதப்பூ, முன்னால் சைடு ஸ்டாண்டு போட்ட ஒரு புல்லட். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டு ஒருவர், போனைப் பிடித்தபடி இன்னொருவர். ரீல்ஸுக்குக் கேப்ஷன் பெரும்பாலும் ‘ஃபிரெஞ்சு வைப்ஸ்’ என்றுதான் இருக்கும்.

ஆனால் அந்த ஃபிரேமில் இருக்கும் பைக்குக்கும் ஃபிரான்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் பிரிட்டிஷ். பிறப்பு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். வளர்ந்தது, இன்றைக்கும் தயாராவது எல்லாம் நம்ம சென்னைப் பக்கம். 1954 நவம்பர் 1-ம் தேதி ஃபிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கு அடுத்த வருடம், இங்கிருந்து சுமார் 150 கி.மீ. வடக்கே, சென்னையில் ‘என்ஃபீல்டு இந்தியா’ நிறுவனம் உருவானது. ஒருவர் கிளம்பிப் போக, இன்னொருவர் பைக்கை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போன மாதிரி.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் டெஸ்க்கில் இருக்கும் ஒரு நண்பர். சேமித்த பணத்தில் பழைய ‘காஸ்ட் அயர்ன்’ புல்லட் ஒன்று வாங்கி, தினமும் அதில்தான் ஆபீஸுக்கு வரப் போவதாக அறிவித்தார். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர், “அப்போ வாரத்துக்கு எத்தனை நாள் லீவு?” என்று கேட்டார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

இங்கிலாந்து பைக் சென்னைக்கு வந்தது எப்படி?

ராயல் என்ஃபீல்டின் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது 1901-ல். ‘புல்லட்’ என்ற பெயர் 1930-களில் இருந்தே இருக்கிறது. ஆனால் நாம் பார்த்து வளர்ந்த புல்லட்டின் உருவம், பின் சக்கரத்துக்கு ஷாக் அப்ஸார்பர் வைத்த 350 சிசி மாடல், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்கு இந்திய ராணுவத்துக்கு உறுதியான பைக் தேவைப்பட்டது. அந்த ஆர்டர் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ வழியாக ரெட்டிச்சுக்குப் போனது. ஆர்டர் பெரிதாக இருந்ததால், 1955-ல் இரண்டு தரப்பும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஃபேக்டரி வந்தது. முதலில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்தன. 1960-களின் தொடக்கத்தில் முழு பைக்கையும் இங்கேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். 1967-ல் ரெட்டிச் ஃபேக்டரி மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் கதையே முடிந்துபோனது. சென்னையில் மட்டும் அதே பைக் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாய்வீட்டில் செத்துப்போன பைக்கை, புகுந்த வீட்டில் இருந்து சீராக அனுப்பியது போல.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், வாங்குபவர் கவனிக்க வேண்டிய சிக்கலும் இதில்தான் இருக்கிறது. உலகம் முழுக்க பைக் தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருந்தபோது, புல்லட் ஏறக்குறைய 1955-லேயே நின்றுவிட்டது. போட்டி இல்லை, லைசென்ஸ் ராஜ் காலம், புக் செய்துவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள். மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. 1990-களில் நீங்கள் ஷோரூமில் வாங்கிய ‘புது’ புல்லட்டும் அடிப்படையில் 40 வருடப் பழைய டிசைன்தான்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

இது ஒன்றும் மாயமில்லை, கணக்கு. பழைய புல்லட் 350-ல் ஒரே ஒரு சிலிண்டர், 346 சிசி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். வண்டி நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 450 வெடிப்பு. அதாவது வினாடிக்கு ஏழெட்டு. இந்த வேகத்தில் ஒவ்வொரு வெடிப்பும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கும். ஒரு ஸ்கூட்டர் இதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஐடிலிங்கில் சுற்றும். அதனால் சத்தம் ஒன்றாகக் கலந்து ‘உர்ர்’ என்று கேட்கிறது.

இன்னொரு விஷயம், பிஸ்டனின் அகலம் 70 மி.மீ., ஆனால் அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மி.மீ. இதைத்தான் ‘லாங் ஸ்ட்ரோக்’ என்கிறார்கள். கூடவே கனமான ஃபிளைவீல். இரண்டும் சேர்வதால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில், பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலும் முனகாமல் போகும். மிஷன் வீதி நெரிசலில் கியரை அதிகம் மாற்றாமல் ராஜா மாதிரி உருளலாம்.

ஆனால் அதே லாங் ஸ்ட்ரோக், வேகம் கூடும்போது வில்லனாகிவிடும். அவ்வளவு தூரம் போய்வரும் கனமான பிஸ்டனை வேகமாக ஆட்டினால் வண்டியே ஆடும். பழைய இன்ஜினில் அதைச் சமன்செய்ய பேலன்ஸர் கிடையாது. இ.சி.ஆரில் 80-ஐத் தொட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். போல்ட்டு, நட்டு தளரும், பல்பு ஃபிலமென்ட் அறுந்துபோகும். 60-ல் போனால் பாட்டு, 80-ல் போனால் செலவு.

‘ஆயில் ஒழுகலைன்னா, உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்’

பழைய பிரிட்டிஷ் பைக் எதைப் பற்றியும் சொல்லப்படும் ஜோக் இது. புல்லட் மட்டுமில்லை. ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் என அந்தக் காலத்து ஜாம்பவான்கள் எல்லோருக்கும் இதே பெயர்தான்.

காரணம் எளிமையானது. அந்த இன்ஜின்களின் அடிப்பெட்டி, அதாவது கிராங்க் கேஸ், தேங்காயை நிற்க வைத்து உடைத்த மாதிரி இடது, வலது என இரண்டு பாதி. இணைப்புக்கோடு செங்குத்தாகக் கீழே வரை போகும். ஆயில் அந்தக் கோட்டின் மேலேயேதான் நிற்கும். கேஸ்கெட் கொஞ்சம் களைத்தாலும் கசிவு. ஜப்பான்காரர்கள் அந்தப் பெட்டியை மேல், கீழ் எனப் படுக்கையாகப் பிரித்தார்கள். கோடு ஆயில் மட்டத்துக்கு மேலே போய்விட்டது. போதாக்குறைக்கு, பழைய புல்லட்டில் இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில், தனி மூடி. மூடி எத்தனையோ, கசிய வாய்ப்பும் அத்தனை.

1969-ல் ஹோண்டா சி.பி.750 வந்தது. நாலு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க் பிரேக். பட்டனை அழுத்தினால் கிளம்பும், நிறுத்திய இடத்தில் தரையில் ஆயில் இருக்காது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பைக் தொழில் எழுந்திருக்கவே இல்லை. பி.எஸ்.ஏ. 1970-களின் தொடக்கத்தில் சரிந்தது. ட்ரையம்பின் மெரிடென் ஃபேக்டரி 1983-ல் மூடப்பட்டது. ‘நல்ல பைக்’ என்றால் என்ன என்பதற்கு மக்கள் வைத்திருந்த அர்த்தமே அந்தப் பத்து வருடத்தில் மாறிவிட்டது. அதுவரை ரைடரும் பாதி மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

பழைய புல்லட் வாங்கினால் என்ன நடக்கும்?

அந்த விதி பழைய புல்லட்டுக்கு இன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு துளி அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, பிறகு முழு உடம்போடு ஒரே உதை. சரியாகச் செய்தால் ஒரே கிக். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்கால் அதை மறக்காது.

பழக்கப்பட்டவர்களுக்கு இது ஒரு சுகம், ஒத்துக்கொள்கிறேன். பாயின்ட், டேப்பெட், கார்புரேட்டர் எல்லாமே கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடியவை. லேப்டாப் சொருக வேண்டாம். மரக்காணம் தாண்டி நடுரோட்டில் நின்றாலும், ஒரு ஸ்பேனர் செட், ஒரு பிளக், கொஞ்சம் எமரி பேப்பர் இருந்தால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். புது பைக்கில் சென்சார் போனால் டோ வண்டிதான். ‘நம்பகத்தன்மை’ என்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு. அடிக்கடி நிற்கும், ஆனால் எப்போதும் கிளம்ப வைக்க முடியும்.

பிரச்சினை, இதை எல்லாம் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய எல்லா பைக்கிலும் இது தலைகீழ். பல்சரிலோ அப்பாச்சியிலோ ஓட்டிப் பழகியவர்கள் சாதாரணமாகப் போகும்போது சமாளித்துவிடுவார்கள். நாய் குறுக்கே ஓடும் அந்த அரை நொடியில் மூளை கேட்காது, கால்தான் முடிவெடுக்கும். வலது காலை அழுத்துவீர்கள். அங்கே இருப்பது கியர். பிரேக் பிடிப்பதற்குப் பதில் ஒரு கியர் ஏறும். அது போக, இரண்டு பக்கமும் டிரம் பிரேக். ஏ.பி.எஸ். கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ரிப்பேர் செலவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில், பழைய புல்லட்டை தினசரி ஓட்டுவதற்கு எதிரான மிக வலுவான காரணம் ஆயில் ஒழுகுவது அல்ல, பிரேக்தான்.

எப்போது மாறியது?

1990-களில் ஐஷர் குழுமம் நிறுவனத்தைக் கையில் எடுத்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் மூடிவிடலாமா என்ற பேச்சே இருந்தது. சித்தார்த்த லால் பொறுப்பேற்ற பிறகு நடந்த மாற்றங்களில் முக்கியமானது, காஸ்ட் அயர்ன் இன்ஜினுக்கு விடை கொடுத்ததுதான். 2000-களின் இறுதியில் ‘யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ இன்ஜின் வந்தது. பேச்சு வழக்கில் யூ.சி.இ. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே பெட்டிக்குள். ஆயில் ஒழுகல் பாதி அதிலேயே தீர்ந்தது. டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லாத ஹைட்ராலிக் அமைப்பு, பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஐந்து கியர், செல்ஃப் ஸ்டார்ட். அதே 70-க்கு 90 அளவுகளை மட்டும் விடவில்லை. 2009-ல் கிளாசிக் 350 வந்து இந்த இன்ஜினோடு ஹிட் ஆனது. சத்தம் இருந்தது, உதையும் சடங்கும் போய்விட்டன. நடுக்கம் மட்டும் தொடர்ந்தது.

அந்த நடுக்கத்துக்கு முடிவு 2020 நவம்பரில் மீட்டியாரோடு வந்தது. ஜே சீரிஸ் என்ற புது இன்ஜின். 349 சிசி, அகலம் 72, ஓட்டம் 85.8 மி.மீ. உள்ளே பேலன்ஸர் ஷாஃப்ட். 2021 செப்டம்பரில் கிளாசிக் 350-க்கும் இதே இன்ஜின். இங்கிலாந்தில் புருன்டிங்தோர்ப்பில் இருக்கும் டெக்னிக்கல் சென்டரும் சென்னையும் சேர்ந்து வடிவமைத்தவை இவை. 650 சிசி இன்டர்செப்டரும் அப்படித்தான். அது 2018-ல் இந்தியாவுக்கு வந்தபோது, ராயல் என்ஃபீல்டு 100-க்கு மேல் ஓடியும் கை மரத்துப்போகாமல் இருக்க முடியும் என்பதே பலருக்குச் செய்தியாக இருந்தது.

அதற்காகக் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. 2021 மே மாதம் இக்னிஷன் காயில் பிரச்சினைக்காக மீட்டியார், கிளாசிக், புல்லட் மாடல்களில் சுமார் 2.37 லட்சம் வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்தது. அதே வருடம் டிசம்பரில், பின் டிரம் பிரேக் வைத்த புது கிளாசிக் 350-ல் 26,300 வண்டிகள், ஸ்விங் ஆர்மில் பொருத்தப்பட்ட ஒரு பிரேக் பாகத்துக்காக. ரீகால் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. பழைய காலத்தில் இந்த மாதிரிக் குறைகளை வாடிக்கையாளரே மெக்கானிக் ஷெட்டில் காசு கொடுத்துக் கண்டுபிடிப்பார். செகண்ட் ஹேண்டில் 2021 மாடல் வாங்குபவர்கள் மட்டும், சேஸி நம்பரை வைத்து ரீகால் வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு விற்பனை முதல் முறையாக 10 லட்சத்தைத் தாண்டியது. தாய் ஊரின் பெயர் அதற்கு முன்பே, 2017-ல், கிளாசிக் 350-ன் ஒரு கலர் வரிசைக்கு வைக்கப்பட்டிருந்தது. ‘ரெட்டிச்’ இப்போது ஒரு பெயின்ட்.

மற்ற ‘பிரிட்டிஷ்’ பைக்குகள்?

ட்ரையம்ப் இன்றும் பிரிட்டிஷ் நிறுவனம்தான். மெரிடென் மூடியதும் ஜான் புளூர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் பெயரை வாங்கி, ஹிங்க்லியில் ஜப்பான் பாணி உற்பத்தியோடு 1990-களில் மீண்டும் தொடங்கினார். பழைய போனவில் தோற்றத்துக்குள் நவீன இன்ஜின் என்ற ஃபார்முலாவை வெற்றியாக்கியவர்கள் அவர்கள். நம் பட்ஜெட்டுக்கு அருகில் இருப்பது பஜாஜோடு சேர்ந்து புனே அருகே சாக்கனில் தயாராகும் ஸ்பீடு 400. 2023 ஜூலையில் ரூ.2.33 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 398 சிசி, 40 குதிரைத்திறன். ஜே சீரிஸ் 350 தருவது 20. சர்வீஸ் இடைவெளி 16,000 கி.மீ. என்கிறது நிறுவனம். பாயின்ட்டையும் டேப்பெட்டையும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்த பழைய புல்லட்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் ‘டுப் டுப்’ கிடையாது. அதற்காக மட்டும் பைக் வாங்குபவர் டெஸ்ட் ரைடோடு திரும்பிவிடுவார்.

பி.எஸ்.ஏ. 2016 முதல் மஹிந்திரா ஆதரவு பெற்ற கிளாசிக் லெஜண்ட்ஸ் வசம். 652 சிசி ஒற்றை சிலிண்டர் கோல்டு ஸ்டார் 2024 சுதந்திர தினத்தன்று ரூ.2.99 லட்சத்தில் இங்கே அறிமுகமானது. பிரிட்டனின் பெயரை நம் சுதந்திர தினத்தில் விற்பதில் ஒரு குறும்பு இருக்கிறது.

நார்ட்டன் கதை இன்னும் நெருக்கம். 2020 ஜனவரியில் திவாலான அந்த நிறுவனத்தை, ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது நம்ம ஊர் டி.வி.எஸ். பொறுப்பேற்றதும், முந்தைய நிர்வாகம் தயாரித்த வி4 பைக்குகளில் 35 பாதுகாப்புக் குறைபாடுகள் இருப்பதாக புது நார்ட்டனே வெளியே சொன்னது. கைவேலை, பாரம்பரியம், லட்சக்கணக்கில் விலை எல்லாம் இருந்தும் அதுதான் நிலைமை. இங்கிலாந்தில் பூட்டினால் தரம், இங்கே பூட்டினால் தரம் குறைவு என்று இன்னும் சொல்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

புதுச்சேரியில் இருந்தால் இதையும் பாருங்க

முதல் எதிரி உப்புக் காற்று. குரோம், ஸ்போக்ஸ், சைலன்சர் மூன்றும்தான் முதலில் துருப்பிடிக்கும். ரெட்ரோ பைக் என்றாலே இந்த மூன்றும்தான் அழகு. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதும், வண்டியை மூடி நிறுத்துவதும் சர்வீஸ் மாதிரியே முக்கியம். அலாய் வீல், மேட் பெயின்ட் உள்ள மாடல் போட்டோவில் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், ஐந்து வருடம் கழித்து நன்றாகத் தெரியும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க நல்ல வழி, இங்கேயே ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். அதுதான் வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை வண்டியில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சிக்கல் உங்கள் தலையில்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். 349 சிசி கிளாசிக்குக்கு இது லாபம். 398, 648, 652 எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நிறுவனங்கள் இந்தச் சுமையை எவ்வளவு தாங்குகின்றன என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை வைத்து இ.எம்.ஐ. கணக்குப் போடாதீர்கள்.

அப்போ எதை வாங்குவது? தினமும் ஆபீஸ், மாதம் ஒரு சென்னைப் பயணம் என்றால் ஜே சீரிஸ் 350 கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வேகம் பிடிக்கும், சத்தம் முக்கியமில்லை என்றால் ஸ்பீடு 400. யூ.சி.இ. கிளாசிக் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது, மோசமில்லை, ஆனால் நீண்ட தூரத்துக்கு என் சாய்ஸ் இல்லை. காஸ்ட் அயர்ன் புல்லட் இரண்டாவது வண்டியாக மட்டும். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தால், அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் இனிமையாக இருக்கும்.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஸ்கூட்டர் இருக்குடா” என்றார். அதற்கு மேல் வாதம் செய்ய முடியவில்லை. அதனால் அவருக்கு அனுப்பிய லிஸ்டை இங்கேயும் தருகிறேன்.

விற்பவரிடம், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறிய இன்ஜின் இரண்டு மூன்று கிக்கில் கிளம்ப வேண்டும். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துத் தரையைப் பாருங்கள். ஒரு துளி ஆயில் சகஜம், குட்டை சகஜமில்லை. நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் பக்கம் செலவு காத்திருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டி என்றால், பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, அந்த ஐந்து வருடம் எப்போது முடிகிறது என்று ஆர்.சி.யில் பாருங்கள். புதுச்சேரி பதிவு வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் என்.ஓ.சி. வாங்கி, 12 மாதத்துக்குள் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் கட்ட வேண்டும். அதையும் விலையில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக, இன்ஜின் மேல் படிந்திருக்கும் கிரீஸைத் துணியால் துடைத்து, அதன் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இத்தனை வருடத்தில் இன்ஜின் மாறிய புல்லட்டுகள் நிறைய இருக்கின்றன. நம்பர் ஒத்துப்போகவில்லை, அதற்குப் பேப்பரும் இல்லை என்றால், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.